இன்றைய குளோரின்

ஜூன் 3, செவ்வாய்

ஜெசிந்தா பதினொன்றே காலுக்கு வந்து சேர்ந்தாள். கொண்டை ஊசி வளைவுகளில் மூன்று இடத்தில் வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தாளாம். மருமகன் ரூபன் அவளைப் பீங்கான் ஜாடியை இறக்குவதுபோல இறக்கினார். ஐந்தாம் மாதம் பிறந்திருக்கிறது. அவளுக்கு வயது முப்பத்தாறு. இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இதை ஒரு முறை எழுதிவிட்டேன். இனி எழுத மாட்டேன்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து ஒரே மூச்சில் குடித்தாள்.

"கோயம்புத்தூர்ல கேன் தண்ணி குடிச்சுக் குடிச்சு நாக்கே செத்துப்போச்சும்மா."

"உட்கார்ந்து குடி. மாடு மாதிரி நின்னுக்கிட்டுக் குடிக்காத."

"வந்து அஞ்சு நிமிஷம் ஆகல, ஆரம்பிச்சாச்சு," என்றாள் ரூபனைப் பார்த்து. அவர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்.

தண்ணீரைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. தேயிலைத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்களின் காலனி இது, முப்பத்திரண்டு வீடுகள். மேலே சோலைக்காட்டின் சதுப்பிலிருந்து வரும் ஓடைதான் எங்கள் தொட்டியை நிரப்புகிறது. பதினோரு வருடங்களுக்கு முன் டைஃபாய்டில் கீழ் வரிசையில் இரண்டு பேர் போனார்கள். அதற்குப் பிறகுதான் குளோரின் கலந்தே தீர வேண்டும் என்று சங்கத்தில் சண்டை போட்டு வாங்கினேன். தண்ணீர்க் கமிட்டிச் செயலாளர் பதவியையும் என் தலையிலேயே கட்டிவிட்டார்கள். அன்று முதல் ஒரு நாள் தவறாமல் காலை ஏழு மணிக்குக் குழாய் நீரைக் கண்ணாடிக் குழலில் பிடித்து, மருந்து இரண்டு சொட்டு விட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா என்று அட்டையோடு ஒப்பிட்டு, பதிவேட்டிலும் வாசல் கேட்டின் கரும்பலகையிலும் எழுதுகிறேன். இன்றைய குளோரின்: 0.2. என் கையெழுத்து கான்வென்ட்டில் பழகிய கையெழுத்து. தெருவின் கடைசியிலிருந்தே படிக்கலாம்.

ஜூன் 6, வெள்ளி

மழை பிடித்துக்கொண்டது. ஓடை நீர் டிகாஷன் நிறத்தில் வருகிறது. ஒவ்வொரு மழைக்காலமும் இதே கதைதான். காட்டில் மக்கிய இலையின் சாயம். இரண்டு சொட்டு விட்டும் மஞ்சள் வரவில்லை. தண்ணீர்க்காரன் வடமலையைக் கூப்பிட்டு பிளீச்சிங் பவுடரை இரண்டு மடங்காகப் போடச் சொன்னேன்.

"ரெண்டு மடங்காம்மா? போன மழைக்கே கண்ணு எரியுதுன்னு கீழ் வரிசையில சொன்னாங்க."

"கண்ணு எரிஞ்சா தொடச்சுக்கலாம். டைஃபாய்டு வந்தா எதைத் தொடைப்பாங்க?"

மதியம் பார்த்தேன். மஞ்சள் இல்லை. இன்னும் ஒரு பங்கு போடச் சொன்னேன். மாலையில் வந்தது, 0.2. அதோடு தண்ணீரின் பழுப்பும் வெளுத்துப் போய்க் கண்ணாடியாக இருந்தது. டம்ளரைச் சன்னலுக்கு நேரே தூக்கி ஜெசிந்தாவுக்குக் காட்டினேன்.

ஜூன் 8, ஞாயிறு

பூசைக்குப் பின் ரூபன் கோவை திரும்பினார். அவரிடம் சீசாவில் தண்ணீர் கொடுத்தனுப்பினேன். அங்கே ஒரு கல்லூரி ஆய்வகத்தில் சோதித்து சான்றிதழ் தருகிறார்கள். ஆகஸ்ட் 15 சங்கக் கூட்டத்தன்று அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாட்டலாம்.

ஜூன் 12, வியாழன்

ஜெசிந்தா தோசை மூன்று சாப்பிட்டாள். வாந்தி இல்லை. துணி உலரவில்லை.

ஜூன் 16, திங்கள்

ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்தது. சான்றிதழ் இல்லை, கடிதம்.

கிருமி எதுவும் இல்லை என்று முதல் வரி. அதோடு நின்றிருக்கலாம். மக்கிய இலையிலிருந்து வரும் ஹியூமிக் பொருள் நீரில் அதிகம் இருக்கிறதாம். நாம் போடும் குளோரினை முதலில் அதுதான் தின்கிறது, அதனால்தான் எவ்வளவு போட்டாலும் மஞ்சள் வருவதில்லை. தின்றதும் சும்மா இருப்பதில்லை. குளோரோஃபார்மும் அதைப் போன்ற வேறு சிலதும் உண்டாகின்றன. எங்கள் சீசாவில் அவை அனுமதித்த அளவுக்கு மூன்று பங்கு. பல வருடம் குடித்தால் மூத்திரப்பையில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடலாம் என்கிறார்கள். சூடாக்கினால் இவை ஆவியாகிவிடும், ஆனால் மூடிய குளியலறையில் அந்த ஆவியைச் சுவாசிப்பதும் குடிப்பதற்குச் சமம். கருச்சிதைவோடு தொடர்பு இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, சில இல்லை என்கின்றன, நிரூபிக்கப்படவில்லை.

கடைசி வரி தடித்த எழுத்தில் இருந்தது. "இதற்காகக் குளோரின் கலப்பதை எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம். படிகாரம் போட்டு, வடிகட்டி, முதலில் நிறத்தை நீக்குங்கள். பிறகு குளோரின் சேருங்கள்."

கடிதத்தை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தேன். ஜெசிந்தா குளித்துக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம். குளியலறைக் கதவின் கீழ் இடுக்கில் ஆவி புகைந்து வந்தது.

ஜூன் 17, செவ்வாய்

சாப்பிடப் பிடிக்கவில்லை.

நிரூபிக்கப்படவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. கான்வென்ட்டில் வேதியியல் எடுத்த மதர் கொலோம்பா இதைத் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஜூலையில் ஜெசிந்தா இதே வீட்டில்தான் இருந்தாள். ஓய்வுக்கு என்று நான்தான் வற்புறுத்தி வரவழைத்தேன். அந்த மழைக்குப் பவுடரை மூன்று மடங்காக்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பழைய நாட்குறிப்பை எடுத்துத் தேதி பார்க்கலாம். பார்க்கவில்லை.

ஜூன் 18, புதன்

காலையில் தொட்டிக்கு நானே ஏறிப் போனேன். வடமலை வாளியில் பவுடரைக் கரைத்துக்கொண்டிருந்தான்.

"கொட்டிடு. கீழ கொட்டு. நான் சொல்ற வரைக்கும் பவுடர் வேணாம்."

"எத்தன நாளைக்கும்மா?"

"நான் சொல்ற வரைக்கும்னா நான் சொல்ற வரைக்கும்."

"கமிட்டில சொல்லிட்டீங்களா?"

"நான்தான் கமிட்டி."

அவன் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றான். "நீங்கதானேம்மா ஒரு நாள் விட்டாக்கூட சம்பளத்த புடிப்பேன்னு சொன்னீங்க," என்றான். பிறகு கொட்டினான்.

யோசித்துத்தான் செய்தேன். படிகாரத் தொட்டி கட்ட வேண்டுமானால் கூட்டம், தீர்மானம், ஒப்பந்தக்காரர் என்று மழை முடிந்துவிடும். ஜெசிந்தாவின் வயிறு அதுவரை காத்திருக்காது. குடிநீரைப் பின்கட்டு விறகடுப்பில் இருபது நிமிடம் கொதிக்கவைக்கிறேன், கிருமி செத்துவிடும். குளிக்கும் நீரில் குளோரினே இல்லையென்றால் ஆவியிலும் ஒன்றும் இல்லை. அவளுக்கு இரண்டு பக்கமும் அடைத்தாயிற்று. மற்ற வீடுகளிலும் மழைக்காலத்தில் எல்லோரும் கொதிக்கவைத்துத்தான் குடிப்பார்கள்.

கமிட்டியைக் கூட்டினால் வதந்திதான் மிஞ்சும்.

பலகையில் 0.2 என்று எழுதினேன். நேற்றைய எண்தான்.

ஜூன் 19

0.2.

ஜூன் 23, திங்கள்

தண்ணீர் பழுப்பாக வருகிறது என்று கீழ் வரிசை பங்கஜவல்லி கேட்டில் என்னை நிறுத்தினாள்.

"அக்கா, தண்ணி டீ மாதிரி வருதே. பவுடர் போடுறாங்களா இல்லையா?"

"பலகையைப் பாரு."

பார்த்தாள். "நீங்க எழுதினா சரிதான். ஆனா இந்த வருஷம் நாத்தமே இல்லக்கா. இனிக்குது. புள்ளைங்க குழாய்ல வாய வெச்சே குடிக்குதுங்க."

கொதிக்கவைத்துக் குடி என்றேன். அவள், "நீங்க இருக்கும்போது அது எதுக்குக்கா," என்று சிரித்துக்கொண்டு போனாள்.

ஜூன் 27, வெள்ளி

ஜெசிந்தாவுக்குக் குழந்தை அசைவது தெரிகிறதாம். என் கையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிகிறது என்று சொன்னேன்.

ஜூலை 9, புதன்

வடமலை மழைக்கோட்டில் சொட்டச் சொட்ட வந்தான்.

"அம்மா, மேல புதுசா கட்டுன லாட்ஜு இருக்குல்ல, அவங்க கக்கூஸ் குழி பொங்கிக் கெடக்கு. ஓடைப் பக்கமா சரியுற மாதிரி தெரியுது. பவுடரப் போட்டுடவா?"

குடையை எடுத்துக்கொண்டு அவனோடு ஏறினேன். எழுபத்து நான்கு வயதில் அந்தச் சரிவில் நான் ஏறியதை யாரும் பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். மூடுபனி. பத்தடிக்கு மேல் தெரியவில்லை. ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது. வாசனை வந்தது என்றான் வடமலை. எனக்கு ஈர இலை வாசனைதான் வந்தது.

லாட்ஜுக்குத் தொலைபேசியில் பேசினேன். நேற்றே சரி செய்துவிட்டோம் மேடம் என்றார்கள்.

நாளை மறுநாள் ஜெசிந்தாவுக்கு ஸ்கேன். அது முடியட்டும்.

"அப்போ போட வேணாம்?" என்றான்.

"ஸ்கேன் முடியட்டும்."

அவனுக்கு ஸ்கேனுக்கும் பவுடருக்கும் என்ன சம்பந்தம் என்று புரிந்திருக்காது. ஆனாலும் தலையாட்டினான்.

ஜூலை 11, வெள்ளி

ஸ்கேன் நன்றாக இருக்கிறது. எடை, நீர், இதயத் துடிப்பு எல்லாம் சரி. போன இரண்டு முறையும் இவ்வளவு தூரம் வந்ததே இல்லை. நான் செய்தது சரி என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பவுடரை நாளை முதல் கொஞ்சமாகப் போடச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு, இப்போது போய் ஏன் மாற்ற வேண்டும் என்று தோன்றியது.

ஜூலை 17

0.2. கைகால் குடைச்சல். சாக்பீஸ் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஜூலை 25, வெள்ளி

வடமலை வேலைக்கு வரவில்லை. வீட்டுக்கே போனேன். கட்டிலில் சுருண்டு கிடந்தான். வெளிச்சத்துக்காக அவன் மனைவி சன்னலைத் திறந்தாள். அவன் கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது.

கீழ் வரிசையில் இன்னும் மூன்று பேருக்குக் காய்ச்சல் என்றாள் அவள். ஒன்று பங்கஜவல்லியின் கணவர்.

அங்கிருந்து நேரே தொட்டிக்குப் போனேன். பவுடரை நானே கரைத்து ஊற்றினேன். அளவு பார்க்கவில்லை. கை வெந்துபோயிற்று. திரும்பி வந்து பலகையில் எழுதும்போது சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது.

ஜெசிந்தா கொதித்த நீரைத்தான் குடிக்கிறாள். கொதித்த நீரைத்தான்.

ஜூலை 28, திங்கள்

சுகாதார ஆய்வாளர் வந்தார். முப்பது வயதுக்குள் இருப்பார். எல்லாம் ஹெபடைடிஸ்-இ என்ற மஞ்சள் காமாலை, தண்ணீரில் வருவது என்றார். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். கர்ப்பிணிகளுக்கு, அதுவும் கடைசி மாதங்களில் வந்தால், உயிருக்கே ஆபத்து. வீட்டில் கர்ப்பிணி யாராவது உண்டா என்று கேட்டார்.

"என் மகள். அவளுக்குக் கொதிக்கவெச்ச தண்ணிதான்."

"நல்லது மேடம்." என் பதிவேட்டைப் புரட்டினார். "உங்க ரெக்கார்டு மாதிரி இந்த மலையில எங்கயும் பார்த்ததில்ல. ஒரு நாள் விடாம 0.2."

பிறகு தொட்டிக்குப் பக்கத்து அறையைத் திறந்து பார்த்தார். மூட்டைகள் அடுக்கியபடி இருந்தன.

"இவ்ளோ மிச்சம் இருக்கே? கணக்குப்படி இதுல பாதி காலியாயிருக்கணும். உங்க ஆள் ஏமாத்தியிருக்கான் மேடம். நீங்க டெஸ்ட் எடுக்குற நேரத்துக்கு மட்டும் ஒரு பிடி போட்டுட்டு மத்த நேரம் சும்மா இருந்திருக்கான். ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க, அங்க போய்க் கேட்டேன். அம்மா சொன்ன அளவுதான் சார் போட்டேன்னு அதையே திரும்பத் திரும்பச் சொல்றான்."

நான் அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன். வேறொன்றும் சொல்லவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையில் கொதித்த நீரை ஜாடியில் ஊற்றி ஜெசிந்தாவின் அறைக்குக் கொண்டு போனேன். நேற்றைய ஜாடி அப்படியே நிறைந்திருந்தது.

"ஏன் குடிக்கல?"

"புகை நாத்தம்மா. விறகடுப்புல வெச்சா அப்படித்தான். குமட்டுது."

"பின்ன என்ன குடிக்கிற?"

"குழாய்த் தண்ணிதான். வந்ததுலருந்து. நீங்க திட்டுவீங்கன்னு ஜாடித் தண்ணிய ஜெரேனியத்துக்கு ஊத்திடுவேன்." சிரித்தாள். "என்னம்மா? உங்க தண்ணிதானே. தினம் காலையில கேட் வரைக்கும் நடக்கும்போது பலகையைப் பார்ப்பேன். 0.2. எங்கம்மா எழுதினா எழுதினதுதான்னு ரூபன்கிட்ட கூடச் சொன்னேன்."

நான் ஜாடியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"என்னம்மா ஆச்சு? பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

சொன்னேன். முதலில் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். பிறகு ஜூன் 18 முதல் எல்லாவற்றையும் சொன்னேன். லாட்ஜின் குழியையும் சொன்னேன். அவள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"இதைப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டா இப்படிச் செஞ்சீங்க?"

"உனக்காக."

"ரெண்டு வருஷம் முன்னாடி இங்க இருந்தேனே. அதுவும் இந்தத் தண்ணிதானா?"

"தெரியாது. யாருக்கும் தெரியாது, ஜெசி. அவங்களே நிரூபிக்கலைன்னுதான்..."

"உங்களுக்குத் தெரியாததுன்னு ஒண்ணு இருக்கா என்ன," என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். அலமாரியைத் திறந்து துணிகளை மடிக்கத் தொடங்கினாள். குனியாதே என்றேன். "நீங்க பேசாதீங்கம்மா," என்றாள்.

ரூபன் மூன்று மணிக்குள் வந்துவிட்டார். நான் கட்டிக் கொடுத்த இட்லியை அவர் வாங்கிக்கொண்டார். அவள் வழிக்கென்று கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கி வரச் சொல்லி, மூடி உடைபடாமல் இருக்கிறதா என்று திருகிப் பார்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜூலை 30, புதன்

ஏழு மணிக்குப் பலகையைத் துடைத்தேன். எழுதினேன்: ஜூன் 18 முதல் ஜூலை 24 வரை முப்பத்தேழு நாட்களும் இங்கே எழுதிய அளவு பொய். குளோரின் கலக்கப்படவில்லை. நிறுத்தச் சொன்னது நான். வடமலையின் மேல் தவறில்லை. ஃபிலோமினா சவரிமுத்து.

என் கையெழுத்து தெருவின் கடைசியிலிருந்தே தெரியும் என்று ஒரு காலத்தில் பெருமைப்பட்டவள் நான். பால் வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்று படித்தார்கள். நானும் ஓரமாக நின்றேன். பங்கஜவல்லி படித்துவிட்டு என்னிடம் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"நீங்க கொதிக்கவெச்சுக் குடின்னு சொன்னீங்க. நான் கேக்கல," என்றாள். "ஏன் சொன்னீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கேட்டிருப்பேனேக்கா."

ஆய்வாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன். எழுத்தில் கொடுங்கள் மேடம் என்றார். கொடுத்தேன். செயலாளர் பதவியிலிருந்து விலகும் கடிதத்தைச் சங்கத்துக்குக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அரசு மருத்துவமனைக்குப் போனேன். வடமலை சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். மஞ்சள் குறைந்திருக்கிறது.

"அந்த அதிகாரி உன்னைத் திருடன்னு சொன்னாரே. நீ ஏன் உண்மையைச் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்மா."

கஞ்சியில் உப்பு போதுமா என்று அவன் மனைவி கேட்டாள். போதும் என்றான். கிளம்பும்போது, "பாப்பா எப்படி இருக்கு?" என்று கேட்டான். ஜெசிந்தாவை இன்னும் பாப்பா என்றுதான் சொல்கிறான்.

ஆகஸ்ட் 2, சனி

ரூபன் பேசினார். ஜெசிந்தா கடைசியாகக் குளோரின் இல்லாத தண்ணீர் குடித்த நாளிலிருந்து அறுபது நாள் கணக்கு வைக்கிறார் கோவை டாக்டர். ஜூலை 24 முதல் எண்ணினால் செப்டம்பர் 22. அதுவரை காமாலை எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம். வாராவாரம் இரத்தம் எடுத்து ஈரல் சோதனை. எஸ்.ஜி.பி.டி. என்று ஒன்று, நாற்பதுக்குள் இருக்க வேண்டும்.

நான் வந்து இருக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் அத்தை, அவளே சொல்லும்போது வாங்க என்றார்.

ஆகஸ்ட் 6, புதன்

26. கடவுளுக்கு நன்றி. ஜெசிந்தா குளிக்கிறாளாம், பேச முடியவில்லை.

ஆகஸ்ட் 9

அவளைத் தவிர எதையும் நினைக்க முடியவில்லை. பல் விளக்கும்போது கண்ணாடியில் என் கண்களை இழுத்துப் பார்க்கிறேன். நானும் அந்த நீரில்தான் வாய் கொப்பளித்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. எனக்கு வந்தால் என்ன?

ஆகஸ்ட் 13, புதன்

28.

"இரண்டு கூடியிருக்கே, ரூபன்?"

"அது ஒண்ணும் இல்லத்தை. அப்படி இப்படி இருக்கும்னு டாக்டர் சொன்னார்."

"சாப்பிடுறாளா?"

"ம். சாப்பிடுறா."

"குமட்டல் இருக்கா? மூத்திரம் என்ன நிறம்?"

"எல்லாம் நார்மல் அத்தை. தூங்குறா. அப்புறம் பேசச் சொல்றேன்."

காலை பத்தரை மணிக்கு ஜெசிந்தா தூங்க மாட்டாள். ஏழாம் மாதத்தில் தூங்கலாம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சங்கக் கூட்டம். போகவில்லை. படிகாரத் தொட்டியும் மணல் வடிகட்டியும் கட்டத் தீர்மானம் போட்டார்களாம். பலகையில் இப்போது வடமலையின் மகள் எழுதுகிறாள். எழுத்து கோணல். அளவு ஒரு நாள் 0.3, ஒரு நாள் 0.1, நேற்று "மஞ்சள் வரல, பவுடர் சேத்திருக்கு, தண்ணிய கொதிக்க வெச்சு குடிங்க" என்று எழுதியிருந்தாள். எழுத்துப் பிழைகளைத் திருத்தவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

ஒன்பது மணியிலிருந்து தொலைபேசியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பதினொன்றேகாலுக்கு ரூபன் கூப்பிட்டார்.

"28 அத்தை. நார்மல்."

"போன வாரமும் 28."

"ஆமா அத்தை. அதேதான். நல்லதுதானே?"

பின்னால் ஏதோ தள்ளுவண்டி உருளும் சத்தம் கேட்டது. யாரோ பெண் ஒரு பெயரை உரக்கக் கூப்பிட்டாள். வீட்டில் தள்ளுவண்டி ஏது என்ற கேள்வி வாய் வரை வந்தது.

"எங்க இருக்கீங்க ரூபன்?"

"வெளிய அத்தை. ரிசல்ட் வாங்க வந்தேன்."

அவர் நல்ல பிள்ளை. எனக்கு இரத்த அழுத்தம் இருப்பது அவருக்குத் தெரியும். நான் இந்த வீட்டில் தனியாக இருப்பதும் தெரியும். என்னைக் கலங்கவிடக் கூடாது என்று நினைக்கக்கூடியவர். அப்படி நினைக்கும் ஒருவர் என்ன எண் சொல்வார் என்பது எனக்குத் தெரியாதா? போன வாரத்து எண்ணைத்தான் சொல்வார்.

இரத்தம் ஒரு வாரத்தில் மாறாமலே இருக்கக் கூடாதா? இருக்கலாம். அறுபதில் இருபத்தேழு நாள் போயிருக்கிறது. உண்மையாகவே 28 ஆக இருக்கலாம்.

"அந்தத் தாளைப் படம் பிடிச்சு அனுப்புங்க ரூபன். சும்மா, நான் பார்க்கணும்."

பின்னால் அந்தத் தள்ளுவண்டிச் சத்தம் மறுபடி கேட்டது.

"அனுப்புறேன் அத்தை. வீட்டுக்குப் போனதும் அனுப்புறேன்."

மணி ஐந்தரை. மழை விட்டிருக்கிறது. கைபேசியைச் சார்ஜரில் போட்டு, சத்தம் கூட்டி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். படம் வரவில்லை.